எட்டாவது சென்சார்

போர்டில் ஏழு சென்சார்கள்தான் இருந்தன. லேப்டாப் திரையில் எட்டு அளவுகள் ஓடின.

மல்லசமுத்திரத்தின் சித்திரை வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், கூடத்து மேசைமேல் திறந்து கிடந்த சோதனை போர்டின் மின்விசிறி இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் நடுவே, சிவபிரகாஷ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டு நிரலை வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எட்டாவது அளவு நான்கு டிகிரி. அந்த வீட்டில் அத்தனை குளிராக எதுவும் இல்லை, மாமியார் அத்தாயி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போன மோரைத் தவிர.

போன் அடித்தது. உடன் வேலை செய்யும் நர்மதா.

"சிவா, ஒரு வரி மாத்தினதப் பார்க்க மூணு நாளா? கோழி அடைகாக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க. ஆறு மணிக்குள்ள ஓகே குடுத்துருங்க."

"குடுத்தர்றனுங்க."

அந்த ஒரு வரி இதுதான்: அளவு திடீரென்று தாவினால், சென்சார் பிழை என்று ஒதுக்கிவிடு.

நான்கு ஒன்பதாயிற்று.

இதை அவன் பார்த்திருக்கிறான். மாசியில், இதே கூடத்தில், மனைவி சௌந்தர்யாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் சிவப்பு எண்கள். அவளுடைய அண்ணன் மஸ்கட்டிலிருந்து வரும்வரை வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை நான்கு ஒன்பதாகத் தாவியது. சென்சார் பிழை என்று நினைத்தான். குளிரைக் கூட்டிவைத்தான்.

அத்தாயி மட்டும் எழுந்து வந்தாள். "மாப்ள, கண்ணாடிக்கு உள்ளார ஆவி படியுதுங்க. ஒருக்கா தொறந்து பாருங்க சாமி."

"அது ஈரமுங்கத்தை. வெளிய சூடு, உள்ள குளிரு. அப்படித்தான் படியும்."

படித்த மாப்பிள்ளை. நம்பி உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

இப்போது மோர் டம்ளரைப் பார்த்தான். நீர் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. வெளிப்பக்கத்தில். குளிர் உள்ளே இருந்தால் ஈரம் வெளியேதான் படியும்.

பதினெட்டு. இருபத்தொன்பது.

போர்டின் வயரைப் பிடுங்கினான். மின்விசிறி நின்றது. ஏழு அளவுகள் மறைந்தன. எட்டாவது மறையவில்லை.

முப்பத்தாறு புள்ளி எட்டு. உயிருள்ள உடம்பின் சூடு. அங்கேயே நின்றது.

திரையில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. சீராக.

துடைத்தான். போகவில்லை.

உள்பக்கம்.

பிறகு எண் ஏறியது. எண்பது. இருநூறு. நானூறு.

ஆவி நிற்கவில்லை. படர்ந்து சுருங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக.