ஆணியில் தொங்கிய ரொட்டி

ஷெராலி குனிந்து காலணியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, மனைவி குல்சிஃபத் வட்ட ரொட்டியை அவன் வாயருகே நீட்டினாள். ஓரத்தில் ஒரு கடி கடித்தான். மீதியை அவள் சமையலறை ஆணியில் மாட்டினாள். பயணம் கிளம்புகிறவன் கடித்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். துஷன்பேயில் விமானம் ஓட்டுகிறவனை அது இல்லாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

ஷெராலியோடு வேலை பார்த்த விமானி ஹோலிக்கின் வீட்டு ஆணியில் ஒரு ரொட்டி பதினொரு மாதமாகத் தொங்குகிறது. அது கல்லாகிவிட்டது. அவன் மனைவி இன்னும் அதைக் கழற்றவில்லை.

அந்த வீட்டுப் பக்கம் ஷெராலி தலைவைத்தும் படுப்பதில்லை. காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஹோலிக் மலையில் மோதிச் சாவதற்கு முந்தைய நாள் அதே விமானத்தை ஓட்டியவன் இவன். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பிடி இரண்டு முறை இறுகியது. அதைக் கோளாறுப் பதிவேட்டில் எழுதியிருந்தால் விமானம் வாரக்கணக்கில் தரையில் நின்றிருக்கும், மேலாளர் வாயில் விழ வேண்டியிருந்திருக்கும். எழுதவில்லை. ஹோலிக்கிடம் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

அன்று பிற்பகல் மலையூரான ஹோரோக்கிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் நாற்பத்திரண்டு பயணிகள். வலது இருக்கையில் துணை விமானி ஃபராமர்ஸ். வெயில் பளிச்சென்று இருந்தது. விமானம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் இரு புறமும் பாறை நெருங்கி வந்தது.

ஷெராலிக்கு உலர்ந்த மல்பெரிப் பழத்தின் வாசம் வந்தது.

"மல்பெரி வச்சிருக்கியாடா?"

"இல்லையேண்ணே. ஏன், அண்ணி இன்னைக்குப் பட்டினி போட்டுட்டாங்களா?"

ஷெராலி சிரிக்கவில்லை. பறக்கும்போது மல்பெரி மென்றுகொண்டே இருப்பவன் ஹோலிக். காய்ந்து இறுகிய மல்பெரிக் கட்டியைக் கடித்துத்தான் முன்பல் ஒன்றை இழந்திருந்தான்.

விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது.

ஷெராலி பிடியை இழுத்தான். அது அசையவில்லை.

"தானியங்கியை அணை. சேர்ந்து இழு!"

"அணைச்சாச்சு. இழுக்கிறேண்ணே, சுவத்தை இழுக்கிற மாதிரி இருக்கு!"

"எஞ்சினைக் கூட்டு. நடுச் சக்கரத்தைப் பின்னால சுத்து."

இருக்கைகளுக்கு நடுவே மூக்கைச் சிறிது சிறிதாகத் தூக்க உதவும் சக்கரம் இருந்தது. ஃபராமர்ஸ் சுற்றினான். மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

ஃபராமர்ஸ் கையை எடுத்தான். சக்கரம் முன்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

நிதானமாக.

யாரும் தொடவில்லை.

எதிரே இருந்த முகட்டின் பனியில் விமானத்தின் நிழல் விழுந்தது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஷெராலியின் காதருகே மல்பெரி மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"எழுதினியாடா?"

ஹோலிக்கின் குரல்.

"எழுதிடுறேன்... இன்னைக்கே எழுதிடுறேன். இவங்களை விட்டுடு."

"யார்கிட்டண்ணே பேசறீங்க?"

பிடி சட்டென்று தளர்ந்தது. விமானம் நிமிர்ந்தது, பாறை முகடு வயிற்றை உரசாத குறையாகக் கீழே போனது.

துஷன்பேயில் இறங்கியதும், நடந்ததைக் கேட்ட பொறியாளர் விமானத்தின் வால் தகட்டை ஆட்டிப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி அசையுதே கேப்டன். எழுதணுமா? எழுதினா நாளைக்குப் பறக்காது. ஹோரோக்ல சனம் நாலு நாளாக் காத்துக் கிடக்குது."

ஃபராமர்ஸ் பதிவேட்டை எடுத்து ஷெராலியின் மடியில் வைத்தான். "எழுதுங்கண்ணே."

பேனா தாளைத் தொட்டது. எழுதினால் விசாரணை வரும். இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா என்று கேட்பார்கள். ஷெராலி கோழை. அது அவனுக்கே தெரியும்.

"கோளாறு இல்லை" என்று எழுதி மூடினான். "நாளைக்கும் நானே ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஃபராமர்ஸ் தன் பையை எடுத்துக்கொண்டான். "மாடியில மேலாளர்கிட்டப் போய் நான் பார்த்ததைச் சொல்லப் போறேன். நம்புவாங்களோ, மாட்டாங்களோ. ஆனா உங்க பக்கத்துல இனி உக்கார மாட்டேன். வலது சீட்டுக்கு வேற ஆளைப் பார்த்துக்கங்க."

ஷெராலி வீடு சேர்ந்தபோது பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். மாடியில் மேலாளர் பதிவேட்டைக் காட்டி, ஃபராமர்ஸை நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டாராம். காலைப் பயணம் உறுதி, துணைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம்.

குல்சிஃபத் தேநீர் ஊற்றினாள். உயிரோடு திரும்பிய நிம்மதியில் ஷெராலி ஆணியிலிருந்து ரொட்டியைக் கழற்றினான்.

"காலையில ஒரு கடிதானே கடிச்சீங்க?" என்றாள் அவள்.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே. கதவு பூட்டியேதான் கிடந்துச்சு."

ரொட்டியின் மறு ஓரத்தில் இன்னொரு கடி இருந்தது. அதன் ஈரம் இன்னும் காயவில்லை. பல்வரிசையின் நடுவே, ஒரு பல் இல்லாத இடத்தில் மட்டும், ரொட்டி சிறு மேடாக நின்றிருந்தது. சமையலறையில் மல்பெரி வாசம் வீசியது.

கடித்தவன் பயணம் கிளம்புகிறான் என்று பொருள். காலை விமானத்தின் வலது இருக்கைக்கு ஆள் கிடைத்துவிட்டது.