சித்தர் பறித்த கொழுந்து

"எந்தச் சித்தருங்க தலையில கயித்த மாட்டி, முதுகுல கூடையத் தொங்கவிட்டுக் கொழுந்து பறிச்சாரு? பேரச் சொல்லுங்க... நானும் தெரிஞ்சுக்கிறேன்!"

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அச்சகத்துக்குள், நனைந்த குடையைக்கூட மடக்காமல் நுழைந்த பிரியந்தி, கல்யாணப் பத்திரிகையை மேசையில் அடித்து வைத்தாள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்... மழை பிடித்த இமைகளும், அதற்குள் கனன்ற கருவிழிகளுமாக நின்றவளை, ஏதோ தொலைத்ததைக் கண்டவன் மாதிரி.

'திமிரைப் பாரேன்... கேட்டதுக்குப் பதில் இல்லை, முறைப்பு வேற!' என்று அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"குடைத்தண்ணி கீபோர்டில விழுது..." என்றான் ஒருவழியாக.

"விழட்டும்!"

அவளுடைய சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகைக்குச் சரிபார்க்கத் தந்த மாதிரி அது. உச்சியில் தங்க எழுத்தில், 'கூடை நிறையட்டும், முதுகு நிமிரட்டும்'. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சித்தர் வாக்கு'.

எப்படி இருக்கும் அவளுக்கு? உயர்தர வகுப்புப் படிக்க நுவரெலியாவுக்குக் கிளம்பிய காலையில், அம்மா லெட்சுமி அவள் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தை அது. அதற்கப்புறம் அந்த லயத்து வீடுகளிலிருந்து யார் வெளியூர் போனாலும் லெட்சுமியிடம் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இந்த உலகத்தில் நல்லதாக ஒரு சொல் பிறந்துவிடக்கூடாது. உடனே தாடி வைத்த யாரையாவது பிடித்து அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

"இது எங்கம்மா சொன்னது. வட்டகொடையில கொழுந்து பறிக்கிறாங்க. சித்தர எடுத்துட்டு எங்கம்மா பேரப் போடுங்க."

"நான் கஜதீபன். இங்க பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிக்கிறன், பின்னேரத்தில இந்த வேலை..." யாழ்ப்பாணத் தமிழ் நிதானமாக வந்தது. "கோவிக்காதேங்கோ. உங்கட அம்மாதான் முதல்ல சொன்னவ எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரமாம், ஆதாரம்!

"சித்தர்கிட்ட ஆதாரம் கேட்டுத்தான் அச்சடிச்சீங்களா?"

அவள் விருட்டென்று திரும்பி மழைக்குள் இறங்கினாள்.

ஆனால்... அந்தக் கேள்வி ரயிலிலும் கூடவே வந்தது. அம்மா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கும் முன்பே பிரியந்தி கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, அந்த வார்த்த நீ சொன்னதுதானே?"

"எது, கூட நெறையட்டுமா? அது அழகம்மா அக்கா சொன்னதுடி. நான் தோட்டத்துல பேரு பதிஞ்ச மொத நாளு, காலையில ஆளு கணக்கெடுக்கிற பெரட்டுல வச்சி எனக்குக் கூடைய மாட்டிவிட்டாங்கள்ல, அப்ப சொன்னாங்க. புதுசா மலைக்கு ஏறுற எல்லாருக்கும் சொல்றதுதான். அவங்களுக்கு யாரு சொன்னாங்களோ..."

பிரியந்திக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியென்றால் அவனிடம் ஆடிய ஆட்டமெல்லாம்?

"முதுகு நிமிரட்டும்... அதுவும் அவங்கதானா?"

லெட்சுமி சிரித்தாள். "கூட நெறைஞ்சா முதுகு எங்க நிமிரும்? அது நான் சேத்தது. நீ படிக்கப் போனியே, ஒனக்காவது நிமிரணுமேன்னு... வாயில வந்துச்சு. அதுக்கெல்லாம் பேரு எதுக்கு புள்ள?"

"எதுக்கா? நீ பறிச்ச கொழுந்துக்குத்தான் டப்பாவுல வேற யாரோ பேரு. சொன்ன வார்த்தைக்குமா?"

அன்றிரவு அவளுக்குத் தூக்கமே இல்லை. திரும்பிப் போகாமலே இருந்துவிடலாம்... பாதிதான் அம்மாவுடையது என்று அவன் முன்னால் போய் நிற்பதா? ஐயோ, மானம் போகும்! ஆனால் அழகம்மாவின் பாதியையும் அம்மா பேரில் எழுதினால், அவளுக்கும் அந்தச் சித்தர்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

சனிக்கிழமை போனாள். இந்த முறை குடையை மடக்கி வாசலிலேயே வைத்தாள்.

"பாதிதாங்க எங்கம்மாவோடது. முன்பாதி யாரு சொன்னதுன்னு தெரியல." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க."

அவன் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பத்திரிகையை எடுத்து வைத்தான். சித்தர் இல்லை. அவர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அண்டைக்கே எடுத்திட்டன். சித்தரைப் போட்டது நான்தான்... பிழை. இது ஆர் சொன்னது எண்டு கேக்கிற சனத்துக்குப் பேர் ஒண்டு வேணும். எனக்கு அந்தப் பேர் தெரியாது."

"அப்ப வார்த்தை மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

அவன் காது மடல் சிவந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முதல்... நான் நுவரெலியாப் பக்கம் போயிட்டு ரயிலில ஊருக்குப் போறன். வட்டகொடையில நிண்டது. நல்ல மழை. பிளாட்பாரத்தில ஒரு பிள்ளை, கொழும்புக்கு வேலைக்குப் போற சிநேகிதியின்ர தலையில கை வைச்சு இதைச் சொன்னவ. சொல்லேக்க அவவின்ர கண்..." நிறுத்தினான். "ரயில் வெளிக்கிட்டுது. பிறகு எத்தினை தரம் அந்த ஸ்டேஷனில இறங்கித் தேடினனான் தெரியுமே? போன கிழமை அதே கண் வந்து, என்ர மேசையில அடிச்சு, பேரைச் சொல்லு எண்டுது..."

பிரியந்திக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அது அவள்தான்... அந்த மழையும் அவளுடையதுதான். ஆனாலும் கோபத்தை விட மனமில்லை.

"அப்ப என் வாயிலேருந்து எடுத்து, ஒரு தாடிக்காரருக்குத் தூக்கிக் குடுத்திருக்கீங்க!"

"உங்கட பேரைக் கேக்கத்தான் ரயில் விடேல்லையே!"

"பிரியந்தி!" என்றாள். சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்து, அந்த வெற்றிடத்தில் அவளே எழுதினாள்: 'முன்பாதி, தேயிலை மலையில் யாரோ. பின்பாதி, லெட்சுமி.'

அம்மாவின் பெயரை அச்சுப் பத்திரிகையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"அம்மாட்டக் கேக்காமல் அவவின்ர பேரை அடிக்கக்கூடாது," என்றான் மெல்ல. "நான் வந்து கேக்கட்டே? அதோட... இன்னொண்டும் கேக்கவேணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு பிரியந்தி. ரெண்டு வருஷமா."

மழை விட்டிருந்தது... அவள் இதயம்தான் தகரக்கூரையாய் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் போய்க் குடையை எடுத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க... அதான் பாதின்னு தெரிஞ்சும் திரும்பி வந்தேன். ஞாயித்துக்கிழம வாங்க. ஆனா எங்கம்மா சரின்னு சொன்னா, அதுக்கு ஆதாரம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க!"