எருமைத் தும்மலும் நாற்பது மண்வெட்டிகளும்

ஜெனிபரின் சாமியைச் சுப்ரஜா கொன்றுவிட்டாள். அதுவும் நீல மைப் பேனாவால்.

சாமி என்றால் நிஜச் சாமி இல்லை. பொம்பரை என்ற கற்பனை நாட்டுச் சாமி. அந்த நாட்டை இரண்டு பேரும் மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தார்கள். இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறு பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி வரைந்த படம் அது. நடுவில் ஓர் ஆறு. அந்தப் பக்கம் ஜெனிபரின் மலைக்காரர்கள். இந்தப் பக்கம் சுப்ரஜாவின் கரைக்காரர்கள்.

எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதினார்கள். புனேயில் அவர்கள் வகுப்பில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நிறைய எழுத்துப் பிழை இருந்தது. ஆனால் ரகசியம் பத்திரம்.

மலைக்காரர்களின் சாமி, கரும்மா என்ற ராட்சத எருமை. அது தும்மியதில்தான் ஆறு வந்தது.

"எப்போ தும்முச்சு?" என்று கேட்டாள் சுப்ரஜா.

"அப்போ."

"அப்போன்னா எப்போ?"

"அப்போன்னா அப்போதான். வருஷா வருஷம் திருவிழால எங்க ஆளுங்க எல்லாரும் சேர்ந்து தும்முவாங்க. அப்பவும் கரும்மா தும்மும்."

"அது சும்மா ஞாபகத்துக்குத் தும்முறது."

"இல்ல. அதே தும்மல்தான்."

சுப்ரஜாவால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்கிறார். ஜல்லி கொத்தி, இரும்பு தூக்கி, அவர் தோள் செருப்புத் தோல் மாதிரி காய்த்திருக்கும். தும்மினால் எந்த வேலையும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கரைக்காரர்களின் கதையில், அந்த ஆற்றை நாற்பது பேர் பன்னிரண்டு வருஷம் மண்வெட்டியால் வெட்டினார்கள். நாற்பது பேருக்கும் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர்களை வரிசையாக வாசிப்பதுதான் கரைக்காரர்களின் பூஜை.

"வெட்டினா அது ஆறு இல்ல, கால்வாய்," என்றாள் ஜெனிபர்.

திங்கட்கிழமை அவள் இதைச் சொன்னது மூன்றாவது தடவை. சுப்ரஜாவுக்குக் கோபம் வந்தது. கரைக்காரர்களின் வரலாற்று நோட்டைத் திறந்து எழுதினாள்: 'ஆண்டு 12, இரண்டாம் மாதம், 3ஆம் தேதி. கரும்மா என்ற எருமை இறந்தது.'

ஜெனிபர் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சாமிக்கு யாராவது செத்த தேதி போடுவாங்களா?"

"எல்லாத்துக்கும் தேதி இருக்குடி."

"உன் ஆளுங்களுக்கு இருக்கட்டும். தேதி போட்டா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். என் எருமை முடிஞ்சுபோகல." ஜெனிபர் பையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு மேப்பைக் கொண்டு வா. நான் கத்தரிக்கோல் கொண்டு வரேன். ஆத்தோட வெட்டி என் பாதியை எடுத்துக்கறேன். உன்கூட கட்டி."

அந்தப் பள்ளிக்கூடத்தில் கட்டி என்றால், இனிமேல் பேச்சு கிடையாது என்று அர்த்தம்.

மாலையில் கோர்படி ரயில்வே குடியிருப்பில், வீட்டுத் தரையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சுப்ரஜா உட்கார்ந்திருந்தாள். பாதி நாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டால், இந்தப் பக்கத்து ஆட்கள் யாரோடு சண்டை போடுவார்கள்? நாளைக்கு ரீசெஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

நோட்டை எடுத்து, எழுதிய வரியை ரப்பரால் தேய்த்தாள். தாள்தான் நைந்தது. எருமை செத்தபடியே இருந்தது.

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டு மூட்டை வெங்காயம் உரித்த களைப்பு.

"தாளு கிழியப் போகுது," என்றாள் அம்மா.

"இந்த மை அழியாதாம்மா?"

"அழியறதுக்கா மை பண்றாங்க?"

சுப்ரஜாவின் தங்கை தேஜஸ்வினி ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்தாள். அவளுக்கு ஆறு வயது. அப்பா ஒரு வாரமாக லோனாவ்ளா பக்கம் தண்டவாள வேலைக்குப் போயிருந்தார்.

"அம்மா, அப்பா நேத்து வருவாரா?"

"நாளைக்குடி. நேத்து எப்படி வருவாரு?"

"ஸ்கூல்ல டீச்சர் ரெண்டுத்துக்கும் கல்னுதான் சொல்றாங்க."

"அது ஹிந்தி. ஹிந்தில நேத்தும் கல், நாளைக்கும் கல். தமிழ்ல கல்லுன்னா கல்லு. உன் மண்டைக்குள்ள இருக்கே, அது." அம்மா அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

சுப்ரஜாவின் கையில் ரப்பர் அப்படியே நின்றது.

போன நாளும் வரப்போகிற நாளும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. இடித்துக்கொள்ளாமல், அடித்துக்கொள்ளாமல்.

பென்சிலைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் ரீசெஸ். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்த திட்டுக்கு ஜெனிபர் வந்தாள். கத்தரிக்கோலோடுதான் வந்தாள். கட்டி விட்டிருந்ததால் சுப்ரஜாவிடம் பேசவில்லை.

"யாராவது மேப்பை விரிச்சா நல்லா இருக்கும்," என்று கத்தரிக்கோலிடம் சொன்னாள்.

சுப்ரஜா விரித்தாள். ஆற்றங்கரையில் புதிதாக ஒரு பெரிய கல் நின்றது. அதன்மேல் 'கல்' என்று எழுதியிருந்தது.

"கல்லு மேல யாராவது கல்லுன்னு எழுதுவாங்களா?" ஜெனிபர் மறுபடியும் கத்தரிக்கோலைத்தான் கேட்டாள்.

"ஹிந்தில படிச்சுப் பாரு."

ஜெனிபர் படித்தாள். புருவத்தைச் சுருக்கினாள். இந்தத் தடவை நேராகச் சுப்ரஜாவைப் பார்த்தாள்.

"நேத்தா, நாளைக்கா?"

"கரும்மா எப்போ தும்முச்சுன்னு கேட்டா, அந்தக் கல்லைக் காட்டணும். என் ஆளுங்க படிச்சா நேத்து. உன் ஆளுங்க படிச்சா நாளைக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே கல்லு."

"ஆனா நோட்டுல செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியே?"

சுப்ரஜா நோட்டை நீட்டினாள். 'கரும்மா என்ற எருமை இறந்தது' என்ற வரிக்குப் பின்னால், 'என்று கரைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். அவர்கள் எருமையைப் பார்த்ததே இல்லை' என்று சேர்த்திருந்தாள்.

"மையை அழிக்க முடியல. அதான்," என்றாள். குரல் சின்னதாக வந்தது. "நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

ஜெனிபர் சுப்ரஜாவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். நாக்கை நீட்டிக்கொண்டு, கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதினாள். 'இதைப் படித்து மலைக்காரர்கள் சிறித்தார்கள். எருமையும் சிறித்தது.'

"சிரித்ததுக்குச் சின்ன ர," என்றாள் சுப்ரஜா.

"எருமை பெரிசா சிரிச்சுது. பெரிய ற தான் போடணும்."

கத்தரிக்கோல் பைக்குள் போனது.

"ஆனா நீயும் ஒரு தடவை தும்மணும்," என்றாள் ஜெனிபர்.

"நீயும் நாப்பது பேரையும் வாசிக்கணும்."

"நாப்பதா? ரீசெஸ் முடிஞ்சிரும்."

"வேகமா வாசி."

ஜெனிபர் வாசித்தாள். மாரி, குப்பி, செம்பா, ஒத்தைக்கை வீரன், அவன் தம்பி சொட்டை. தடுக்கித் தடுக்கி வாசித்தாலும் ஒருவரையும் விடவில்லை. கடைசிப் பெயர் வந்ததும் நிமிர்ந்தாள். "இவங்களையும் எங்க திருவிழாவுக்குக் கூப்பிடலாம். நாங்க தும்முறப்போ மண்வெட்டியோட வரட்டும். ஆறு திரும்பி வர்றப்போ வெட்டுறதுக்கு ஆள் வேணும்ல."

சுப்ரஜா படத்தில் இருந்த ஆற்றைப் பார்த்தாள். எந்தக் காலத்திலோ வெட்டி முடித்துப் போனவர்கள், வரிசையாகத் திரும்பி வருவது அவளுக்குத் தெரிந்தது.

"வருவாங்க," என்றாள்.

அப்புறம் தும்மிப் பார்த்தாள். வரவில்லை.

"இது தும்மலா? இருமல்," என்றாள் ஜெனிபர். நோட்டின் ஓரத்தைக் கிழித்து, மெல்லிசாகத் திரித்து, சுப்ரஜாவின் மூக்குக்குள் விட்டு ஆட்டினாள்.

வந்த தும்மலில், குழாயடியில் நின்ற பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தின்மேல் சாரல் விழுந்தது. ஆறு வாட்டர் கலரில் வரைந்தது. நீலம் கரைந்து, இரண்டு பக்கமும் மெல்லப் பரவியது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு உண்மையாகவே ஒரு விரல் அகலம் கூடியிருந்தது.

ஜெனிபர் பேனாவை நீட்டினாள். "தேதி போட்டுக்கோடி. செவ்வாய்க்கிழமை, ரீசெஸ்."

சுப்ரஜா பேனாவைத் திறந்தாள். அதற்குள் அடுத்த தும்மல் வந்துவிட்டது.