நாற்பத்தோராம் கேள்வி

வியாழன், காலை ஒன்பது பத்து. இடுப்பு அவரை உட்காரவும் விடவில்லை, எழுந்திருக்கவும் விடவில்லை. இருபத்திரண்டு வருடம் கிடங்கில் மூட்டை சுமந்த இடுப்பு. இப்போது சுமைப்பணியாளர் சங்கத்தின் மாத இதழில் மேசை வேலை. ஆனாலும் எல்லாருக்கும் அவர் மூட்டையண்ணன்தான்.

பணத்தைப் பற்றி உறுப்பினர்கள் நிதி நிபுணரிடம் கேட்கும் பக்கம் அவர் பொறுப்பு. வரும் கடிதங்களில் பாதி, 'கையில் காசு இருக்கிறது, என்ன செய்யலாம்?' என்ற ரகம். வைத்தியரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர் எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்? எவ்வளவு, யாருக்காக, எப்போது வேண்டும், கடன் உண்டா என்று மூட்டையண்ணன் போனில் கேட்பார். பிறகு, எழுதியவர் யாரென்று கிடங்கில் எவனும் மோப்பம் பிடிக்காதபடி விவரத்தைக் கொஞ்சம் மாற்றி, கேள்வியைத் தன் கையாலேயே எழுதுவார். பெயரும் போன் எண்ணும் அவருடைய டிராயரில் பூட்டிக் கிடக்கும். நிபுணருக்குப் போவது கேள்வியும் அதன் வரிசை எண்ணும் மட்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். போன வருடம் வேலையில் செத்துப்போன கிரேன் டிரைவரின் மனைவி; நாற்பத்தோராம் கேள்வி இவளுடையது. பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரே மகள்.

"அண்ணே, நீங்க அனுப்பின ஆளுகிட்ட நேத்து மூணு லட்சத்தையும் குடுத்துட்டேன். இன்னைக்கு அந்தாளு போனை எடுக்கவே மாட்டேங்கிறான்."

"நான் யாரையும் அனுப்பலயேம்மா."

அந்த மூன்று லட்சம் புருஷனின் உயிருக்கு வந்த இழப்பீடு. அதைத் தவிர அந்த வீட்டில் வேறு காசு கிடையாது.

ஒன்பது நாற்பதுக்குச் சங்கச் செயலாளர் வந்தார். கேட்டார். முகம் கடுகடுத்தது.

"டிராயர் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"வேற யாருக்கு இவங்க நம்பர் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்னய்யா? சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா புகார்ல உன் பேர்தான்."

இருபத்திரண்டு வருடம் சுமந்ததில் ஒரு மூட்டைகூடக் குறைந்ததில்லை. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூட்டையண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"போன் எப்ப வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை காலைல. புது நம்பர்."

"உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டான்?"

"அக்கா, அக்கான்னுதான். பேர் சொல்லவே இல்ல. சங்கத்து நிபுணர் குழுவிலேருந்து பேசறேன்னான். உங்க மூணு லட்சம் பையன் படிப்பு முடியறதுக்குள்ள ரெண்டு மடங்காயிடும்னான்."

"பணம் வாங்க வந்தவன் முகம்?"

"ஹெல்மெட்டைக் கழட்டலண்ணே. ரசீதை நீட்டினான், வாங்கிட்டுப் போயிட்டான்."

"திங்கக்கிழமை நான் பேசினதுக்கப்புறம் வேற ஏதாவது போன்?"

"நீங்கதான் மறுபடி கூப்பிட்டீங்களே! இதே ஆபீஸ் நம்பர். நான் அலோ அலோன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பேசாம வச்சிட்டீங்க."

மூட்டையண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பில் சுரீரென்றது. அவர் கூப்பிட்டது ஒரே தடவை.

டைப்பிஸ்டிடம் ஆபீஸ் போனின் அழைப்புப் பட்டியலை எடுக்கச் சொன்னார்.

"என்னைச் சந்தேகப்படாதீங்கண்ணே. திங்கக்கிழமை மூணரைக்கே கிளம்பிட்டேன். அந்தக் கேள்வி என் கண்ணுலகூடப் படல."

"தெரியும்மா. நீ போன பிறகுதான் எழுதினேன். எடு."

பட்டியல் வருவதற்குள் மதியம் இரண்டாகிவிட்டது. திங்கள் மூன்று நாற்பதுக்கு அந்தப் பெண்ணின் எண். அது அவர் பேசியது. நான்கு பத்துக்கு மறுபடி அதே எண், பதினெட்டு நொடி. அதற்குப் பிறகு அன்று அழைப்பே இல்லை. நான்கு மணிக்கெல்லாம் அவர் கேள்விக் கோப்பை நிபுணர் வந்து பார்ப்பதற்காக மேசையில் வைத்துவிட்டு, அடுத்த தெரு வைத்தியசாலையில் இடுப்புக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டு குப்புறக் கிடந்தார். வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். மூடினார்.

மாலை ஐந்து. செயலாளர் மேசையருகே, தாயும் மகளும் உள்ளறை வாசலில். மூட்டையண்ணன் வரச்சொல்லியிருந்த நிபுணர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தோல் பை.

"என்ன மூட்டை, இடுப்பு எப்படி?"

"அது இருக்கு சார், என்னை விட்டு எங்க போகப்போகுது? திங்கக்கிழமை உங்களைக் காக்க வச்சிட்டேன் போல. போன் பக்கத்துல நின்னுட்டிருந்தீங்கன்னு காவலாளி சொன்னான்."

நிபுணர் ஒரு கணம் யோசித்தார். "ஆமா, வீட்டுக்குப் பேசினேன். என் செல்லுல சார்ஜ் இல்ல."

"இந்தப் போன்லயா?"

"இதுலதான்."

மூட்டையண்ணன் பட்டியலை மேசையில் வைத்தார். "காவலாளி ஒண்ணும் பாக்கல சார். நான்தான் சும்மா சொன்னேன். வருகைப் பதிவேட்டுப்படி நீங்க இங்க இருந்தது நாலு அஞ்சுலேருந்து நாலு இருபது வரைக்கும். அந்த நேரத்துல இந்தப் போன்லேருந்து போனது ஒரே கால். இவங்க வீடுதான் உங்க வீடா?"

நிபுணர் பட்டியலைத் தள்ளி வைத்தார்.

"கோப்புல கேள்வியைப் படிச்சீங்க. மை காயல. இப்பத்தான் யார்கிட்டயோ பேசி எழுதியிருக்கான்னு புரிஞ்சுது. கடைசி நம்பரை மறுபடி கூப்பிடற ரீடயல் பட்டனை அமுக்கினீங்க. நம்பர் திரையில வந்துச்சு, பொம்பளைக் குரல் கேட்டுச்சு. பேர் தெரியாது, அதான் அக்கா."

"டிராயரைத் திறந்து நீயே பண்ணியிருக்கலாமே," என்றார் நிபுணர்.

"டிராயரைத் திறந்தவன் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். இன்னொண்ணு. இவங்களுக்குப் பையனே கிடையாது சார். அதோ நிக்குதே, அந்த ஒரே பொண்ணுதான். அடையாளம் தெரியக் கூடாதுன்னு பொண்ணைப் பையனா மாத்தி எழுதினது நான். அந்தத் தாளைப் படிச்ச இன்னொரு ஆள் நீங்க மட்டும்தான்."

நிபுணர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். செயலாளர் பிடுங்கித் திறந்தார். உள்ளே நாற்பதாயிரம். மீதி நேற்றே கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விட்டதாம். பங்குச் சந்தையில் தோற்றதற்கு வாங்கிய கடன். 'கடன் வாங்கிப் பங்கில் போடாதீர்கள்' என்று போன இதழில் எழுதியவர் இவர்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

போலீஸ் அவரைக் கூட்டிப்போனது. செயலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. "இதழ்ல இதையெல்லாம் போட்டுடாதே, சங்கத்துக்கு அசிங்கம்," என்றார்.

அந்தப் பெண் நாற்பதாயிரத்தை இரண்டு தடவை எண்ணினாள்.

"மீதி எப்பண்ணே வரும்?"

எவ்வளவு, யாருக்காக, எப்போது வேண்டும் என்று எல்லாம் தெரிந்த கேள்விதான். பதில் சொல்லத்தான் ஆளில்லை. மூட்டையண்ணன் டிராயரைத் திறந்து கேள்விப் பதிவேட்டை எடுத்தார். நாற்பத்தொன்றுக்கு எதிரே பேனாவை அழுத்தி எழுதினார்: நிபுணர் இந்தம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி, இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.