நிறுத்தக் கூடாத இன்ஜின்

ஸ்பார்க் பிளக் ஒன்றுகூட இன்னும் மாட்டவில்லை. நான்கு ஓட்டைகளும் திறந்தே கிடந்தன. இருந்தும், முன்பக்கப் புல்லிச் சக்கரத்தில் நீள ஸ்பேனரைக் கொடுத்து மெக்கானிக் இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தபோது, அது அவர் கையைத் திருப்பித் தள்ளியது.

உள்ளே காற்று அடைபட்டுத் திமிறினால் தள்ளும். அது அவருக்குத் தெரியாததல்ல. இங்கே அடைபட எதுவும் இல்லை. ஸ்பேனர் ஒரு விரற்கடை பின்னுக்கு வந்தது. அவர் பிடி எவ்வளவு பலம் என்று பார்ப்பதுபோல் நின்றது. பிறகு தானாகவே விட்டுக்கொடுத்தது.

“என்ன மாமா, முகமே மாறிப்போச்சு?” என்றான் மனைவியின் தம்பி.

“ஒண்ணுமில்ல மாப்ள. புது பிஸ்டன் ரிங்கு, இறுக்கமா இருக்கு.”

கார் அவனுடையது. அதைப் பந்தயத்தில் கவிழ்த்துப் போட்டவனும் அவன்தான். பழைய இன்ஜின் விரிசல் விட்டுப்போனதால், இரும்புக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த வேறொன்றைத் தூக்கிவந்து, துளைகளைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, மேல்மூடியான ஹெட்டைச் சீவிச் சீவி அழுத்தத்தை ஏற்றியிருந்தார் மெக்கானிக். உள்ளே எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு வெறியோடு வெடிக்கும். இதற்குமேல் வேண்டாம் என்று மனசு சொன்ன பிறகும் இன்னொரு தடவை சீவினார்.

பிளக் மாட்டி, எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் குழாயைச் செருகி முடிக்கையில் சாயங்காலம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஷட்டரை இறக்கினார்கள். சாவியைத் திருகிய அடுத்த நொடியே இன்ஜின் உறுமியது. புதிதாகக் கோத்த இன்ஜின் இருமும், செருமும், அடம்பிடிக்கும். இது காத்துக்கொண்டிருந்ததுபோல் எழுந்தது.

முதல் ஓட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடிப் பழகினால்தான் உள்ளே உரசும் இரும்பு ஒன்றோடொன்று இசைந்து போகும். இல்லையென்றால் தேய்ந்து, மாதக்கணக்கான உழைப்பு பாழ். தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சலும் வால்வுகளின் தடதடப்பும் ஒன்றாகக் கலந்து பல்லுக்குள் அதிர, சூடேறிய பெயின்டும் கிரீஸும் கருகும் வாடை ஷெட்டை நிறைத்தது. அந்த வாடைக்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று இருந்தது. மயிர் பொசுங்கும் வாடை.

நீள ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிஸ்டன் அடிப்பது கேட்டது. வால்வு கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள்.

“அணைச்சிடலாம் மாப்ள. எனக்கு ஒண்ணும் சரியாப் படல.”

“விளையாடாதீங்க மாமா. இன்னும் கொஞ்ச நேரந்தானே? இந்த ஒரு ரேஸோட விட்டுடறேன்னு அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். அதையாவது ஓட்ட விடுங்க.”

அப்போது கரண்ட் போனது. வெளிச்சம் என்று இருந்தது அவர் கையில் பிடித்திருந்த டைமிங் லைட் மட்டும்தான். பிளக் பொறி விடும்போதெல்லாம் அது ஒரு மின்னல் அடிக்கும். அந்த வெட்டு வெளிச்சத்தில், சுழன்றுகொண்டிருக்கும் ஃபேன் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதை நம்பி விரலைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

“ஃபேன் பக்கம் கைய நீட்டாத.”

“எனக்குத் தெரியாதா மாமா?”

சட்டென்று சத்தம் அடங்கியது. ஓர் இருமல்கூட இல்லை. மழை மட்டும் பெய்தது. மின்னலில் ஃபேனின் இறக்கைகள் சிலைபோல் நின்றன.

“அய்யோ, நின்னுபோச்சே!” அவன் பதறிப்போய்க் குனிந்தான். “பெல்ட்டு அறுந்துடுச்சா?”

மெக்கானிக் தன் கையிலிருந்த விளக்கைப் பார்த்தார். இன்ஜின் நின்றுவிட்டதென்றால் இந்த விளக்கு ஏன் இன்னும் அடிக்கிறது?

“மாப்ள! கைய எடு!”

மின்னல். அவன் விரல்கள் இறக்கைகளுக்கு நடுவே.

மின்னல். விரல்கள் இல்லை.

உறுமல் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. அவன் அலறினான். சட்டைக் கையைப் பெல்ட் கவ்வியது. மின்னல். முழங்கை உள்ளே. மின்னல். தோள். அவர் விளக்கை இன்ஜின்மேல் போட்டுவிட்டு, அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து, காலைப் பம்பரில் உதைத்து இழுத்தார். அந்தப் பக்கத்து இழுப்பு பெரிதாக இருந்தது. மின்னல். அவன் முகம் ஃபேனுக்கு நேராகத் திரும்பியது. வெதுவெதுப்பாக அவர் வாயில் தெறித்தது. சூடான இரும்பில் ரத்தம் சுர்ரென்று பொரிந்தது.

அலறல் நின்றது. கைக்குள் அவன் கனம் மட்டும் மிஞ்சியது.

சாவியைத் திருகினார். ஓடியது. சாவியைப் பிடுங்கி எறிந்தார். ஓடியது. பேட்டரி ஒயரை அறுத்தார், விளக்குகூட அணையவில்லை. பெட்ரோல் குழாயை உருவினார். பெட்ரோல் காலில் கொட்டியது. இன்ஜின் வேகமெடுத்தது.

வீட்டுப் பக்கக் கதவு இடிபட்டது. “என்னங்க! யாரு கத்துனது? தம்பி எங்க?”

“வராத! உள்ள வராத!”

வழி ஒன்றுதான் மிச்சம். மூச்சுவிடும் வாயை அடைத்தால் எந்த இன்ஜினும் திணறி நிற்கும். மேலே இருந்த காற்று வடிகட்டியைப் பிய்த்தெறிந்து, கார்ப்ரேட்டரின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

உறிஞ்சியது. தோல் உள்வாங்கியது. உறுமல் இறங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ தொட்டது. வழுவழுப்பாக. சூடாக.

மின்னல்.

அவர் விரல்களுக்கு இடையே, கீழிருந்து விரல்கள் முளைத்து வந்து மடங்கி, கையை இறுக்கிப் பிடித்திருந்தன. நான்கு. மச்சினனுடையவை. நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

மின்னல்.

இப்போது ஒன்பது.

மின்னல்.

எண்ண முடியவில்லை. பெரியவை, சின்னஞ்சிறியவை, கருகி எலும்பு தெரிபவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அவர் மணிக்கட்டை மூடி, முழங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தன.