உள்ளே இன்னொருவர்

செத்துப்போனவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பெரிய கணக்கர் போய்ச் சேர்ந்து மாதம் ஒன்றாகிறது. ஆனாலும் அவருக்குக் கீழே வேலை பார்த்த அவள் வீட்டிலிருந்தபடி பிரவுசரைத் திறந்து அலுவலகக் கணக்குக்குள் நுழைந்ததும், உள்ளே இருப்பவர்கள் என்று அவள் பெயரோடு அவர் பெயரையும் காட்டியது. நெட்வொர்க் கோளாறு, வேறென்ன என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சாயங்கால மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்க, கொடியில் கிடந்த ஈரத்துணியின் வாடையும் சமையலறையில் கணவன் பாத்திரம் உருட்டும் சத்தமும் சேர்ந்து வர, அதற்கிடையே ஆளில்லாத பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

மேலாளர் போனில் அவசரப்படுத்தினார்.

"அவரோட ஐடிய இப்பவே தூக்கிடும்மா. அதோட அந்தத் தலைவலி ஒழிஞ்சுது."

தூக்கினால் அவளுக்கும் நிம்மதிதான். கணக்கு முடித்துப் பூட்டிய வருடத்தைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது. "ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டு நிக்காதம்மா, பாஸ்வேர்டை நீயே வச்சுக்க" என்று பெற்ற மகளிடம் சொல்வதுபோல் கொடுத்திருந்தார். அதை வைத்து இதே மேசையிலிருந்து நுழைந்தவள், தேதியை மாற்ற மறந்து, புது வருடத்துப் பதிவுகளையெல்லாம் பழைய வருடத்தில் போட்டுத் தொலைத்தாள். வரிக் கணக்கே நாறிப்போனது. பழி அவர் தலையில் விழுந்தது. வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் வாயே திறக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்த பிறகு, அவர் மனைவி வந்து கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: "அவர் செய்யலன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்மா." அதற்கும் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவைத்தாள், பாவி.

அந்த ஐடி எங்கிருந்து நுழைந்தது என்ற விவரம்தான் மிச்சமிருந்த சாட்சி. ஐடி போனால் அதுவும் போய்விடும்.

அவர் பெயரை அழுத்திப் பார்த்தாள். இப்போது நுழைந்திருக்கும் இடம்: அவளுடைய வீட்டு இணைப்பு.

'வெளியேற்று' என்பதை அழுத்தினாள். புள்ளி அணைந்தது. மூச்சு வந்தது.

மறுபடி எரிந்தது.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. செருப்புத் தேயும் சத்தம். அவர் நெற்றியில் எப்போதும் தடவும் தலைவலித் தைலத்தின் நெடி. கிட்டே. இன்னும் கிட்டே. பிடரிக்குப் பின்னால்.

'நிரந்தரமாக நீக்கவா?'

போன் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மேலாளரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்க சார்," என்று அழுதுகொண்டே 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

திரையில் ஒரு பெயர்தான் மிஞ்சியது. அவருடையது.

டீயோடு வந்த கணவன் வாசற்படியிலேயே நின்றான். கோப்பை விழுந்து உடைந்தது.

"யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க? அவ எங்க?"

நான்தான், நான்தான் என்று கத்தினாள். குரல் வரவில்லை. குனிந்து பார்த்தாள். கீபோர்டின் மேல், அவள் கைகள் இருந்த இடத்தில், நரைமுடி படர்ந்த இரண்டு கைகள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன.