சுறாக்களை அனுப்பிவைத்த தெரு

மடித்துக் கட்டிய கபடி அரங்கத்தின் கடைசித் துண்டை ஏற்றிக்கொண்டு நாற்பத்தோராவது லாரி சிந்தாதிரிப்பேட்டையை விட்டுக் கிளம்பியபோது, வேதகிரித் தெரு குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். லாரி ஓட்டுநர் அது தனக்கான மரியாதை என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"போயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கோமளவல்லி கேட்டாள்.

"போயே போச்சு. இனிமே ஒரகடத்துக்காரன் பாடு."

"அப்போ பூங்கோதையை வரச் சொல்லலாமா?"

"தாராளமா வரச் சொல்லு!"

பூங்கோதை அவர்களுடைய ஒரே மகள். வேலூரில் நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினால்தான் அவளுக்குத் தோதுப்படும். ஆனால் சென்னைச் சுறாக்கள் கபடி அணி சனிக்கிழமைதோறும் தெருமுனை மைதானத்தில் ஆடியது. மதியமே தெருவின் இரண்டு பக்கமும் போலீஸ் தடுப்பு வைத்துவிடும். பிறகு ஆட்டோ என்ன, சைக்கிள்கூட நுழைய முடியாது. நாற்பது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை வந்தவள், ஊதுகுழல்களுக்கும் சாயம் பூசிய முகங்களுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு அழுதபடியே திரும்பிப் போனாள். குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். தாத்தா பாட்டி வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. பேத்தி இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை. தெய்வசிகாமணிக்கு அது ஆறாத மனக்குறை.

ஓர் அணி எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் முதலாளிகள் தீர்மானித்தார்கள். அதனால் வழக்கு, கல்லெறி, உண்ணாவிரதம் என்று ஏகப்பட்ட கலாட்டா. அந்தத் தலைவலியே வேண்டாமென்று கபடிக் கழகம் இதயக்கேட்பியைக் கொண்டுவந்தது. தெருவிளக்குக் கம்பத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. அது அனுப்பும் ரேடியோ அலைகள் சுவரைத் தாண்டிப் போய், தெருவிலும் வீட்டுக்குள்ளும் இருக்கிறவர்களின் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டுத் திரும்பும். ஆட்ட நேரத்தில் அந்த வட்டாரத்தின் சராசரி எவ்வளவோ, அதுதான் துடிப்பெண். கம்பத்திலேயே சிவப்பாக ஒளிரும். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் எந்த வட்டாரம் முதலிடமோ, அணி அங்கே குடிபோகும். அரங்கத்தையே மடித்து லாரியில் ஏற்றிவிடலாம் என்பதால் இதில் சிரமம் ஒன்றும் இல்லை. நெஞ்சு பொய் சொல்லாது என்று கழகம் பெருமையடித்துக்கொண்டது.

வேதகிரித் தெருவும் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தது, கறுப்புக் கொடி கட்டியது, ஆட்டம் தொடங்கியதும் தட்டைத் தட்டி ஓசை எழுப்பியது. ஆனால் ஒவ்வொரு முறையும் துடிப்பெண் தொண்ணூற்று நான்குக்குக் குறையவில்லை, சுறாக்களும் நகரவில்லை. காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. கம்பத்தைத் துடைக்க வந்த ஜெபராஜ் என்ற தொழில்நுட்ப ஊழியர்தான் ஒரு நாள் மனம் பொறுக்காமல் உண்மையைச் சொன்னார்.

"சார், கோச்சுக்காதீங்க. மெட்ராஸ்லயே சுறாக்களோட பெரிய ரசிகருங்க நீங்கதான்."

"யாரு, நாங்களா?"

"ஆமா சார். இதுக்குத் துடிப்பு மட்டும்தான் கேக்கும். திட்டுறீங்களா கொஞ்சுறீங்களான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ சனிக்கிழமை எல்லாரும் வீட்டைப் பூட்டிட்டுப் போயிடறோம்."

"பூட்டின வீட்டை நேர்ல ஆட்டம் பாக்கப் போன ரசிகன்னு எடுத்துக்கும் சார். அதுக்கு நூறு மார்க்."

அன்றைக்கே சங்கம் கூடியது. கோபப்படக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கோபம் தீர்மானத்துக்கெல்லாம் கட்டுப்படுமா? பொருளாளர் ஷம்சுதீன் பாய்தான் வழி கண்டுபிடித்தார். ஆட்டம் தொடங்கியதும் சங்கத்தின் துணைவிதிகளை ஒலிபெருக்கியில் வாசிப்பது. குப்பைத் தொட்டி வைக்கும் இடம் பற்றிய ஏழாம் விதிக்கு வருவதற்குள் பாதித் தெரு கொட்டாவி விட்டது. துடிப்பெண் எழுபதுக்கு இறங்கியது. மூன்று வாரம் விடாமல் வாசித்தார்கள். எங்களுக்கு அணி வேண்டுமென்று துள்ளிக்கொண்டிருந்த ஒரகடம் முதலிடத்துக்கு வந்தது.

சுறாக்கள் புறநகரில் ஆடிய முதல் சனிக்கிழமை, வேதகிரித் தெருவில் காற்று வீசுகிற சத்தம்கூடக் கேட்டது. பதினாறு வருடமாகச் சனிக்கிழமை மாலையில் ஒரு கூட்டம் போட முடியாமல் தவித்த சங்கம், வேறெந்த நேரமும் கிடைக்காத மாதிரி, சரியாக ஏழு மணிக்கு நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டது. தெரு நடுவில் நாற்காலிகள், ரவா கேசரி, மைக். இதே மைக்கில் விதி வாசித்தவர்கள் இப்போது மாறி மாறிப் பாராட்டிக்கொண்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெய்வசிகாமணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்தது போலிருந்தது. "அப்பாடா!" என்று அவர் மைக்கிலேயே சொல்ல, தெருவே கைதட்டியது.

கோமளவல்லிதான் தற்செயலாகக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, தொண்ணூத்தேழு காட்டுது!"

ஒரகடத்தின் எண் எழுபத்தொன்பது. அது தொழிற்சாலை ஊர். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். அணி வரும்வரைக்கும்தான் அவர்களுக்குப் பரபரப்பு. வந்தபின் தூக்கம் பெரிதாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வீட்டுக்குள் அடங்கி உட்கார்ந்தார்கள். எண் ஏறிவிடுமோ என்ற கவலையிலேயே தொண்ணூற்றைந்து வந்தது. இன்னும் ஓர் ஆட்டத்தில் முதலிடம் பிடித்தால் கதை முடிந்தது. இரண்டு வாரமாக லீவு கிடைக்காமல், அடுத்த சனிக்கிழமை வருவதாக இருந்த மகளுக்குத் தெய்வசிகாமணி போன் போட்டார்.

"இந்த வாரம் மட்டும் வராதேம்மா."

"ஏம்ப்பா? தெரு காலியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்மா. அதான் பயமா இருக்கு."

மறுமுனையில் பூங்கோதை "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமை துணைவிதிகள் மறுபடி தூசி தட்டப்பட்டன. தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விதியை வாசித்துக்கொண்டிருந்தார். எண் எழுபத்திரண்டில் நின்றது. ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம். ஜன்னல்களில் தெரிந்த முகங்களில் நல்ல தூக்கக் கலக்கம்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. யாரும் அதை நிறுத்தவில்லை. நேராக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"வாசல் வரைக்கும் வந்துடுச்சுப்பா!" என்று பூங்கோதை இறங்கினாள். "திட்டாதீங்க. எனக்கும் ஆசை இருக்காதா?"

அவர் திட்டவில்லை. வாசிப்பு பாதியில் நின்றது. இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய குழந்தை, வாசற்படியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

"என்னங்க, மெதுவா, மெதுவா" என்றாள் கோமளவல்லி. ஆனால் அவளே அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"பதினாலாம் விதிக்குப் போங்க சார்!" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து கத்திய ஷம்சுதீன் பாய், கத்தி முடிப்பதற்குள் படியிறங்கி ஓடிவந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பூங்கோதை அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள்; அவள் குழந்தையை ஒருவரும் பார்த்ததில்லை. எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று கம்பம் ஏறிக்கொண்டே போனது. சிலர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குழந்தை பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தெய்வசிகாமணி துணைவிதிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு அவரிடமிருந்து வாய்விட்டு வந்தது. அப்படி ஒரு நிம்மதி.

ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம் எல்லோருடைய கைப்பேசியிலும் கழகத்தின் செய்தி வந்தது. பூங்கோதைதான் உரக்கப் படித்தாள்.

"நூற்று ஒன்பது. கபடி வரலாற்றிலேயே ஓர் அணி பெற்ற மிக உயர்ந்த அன்பு. வேதகிரித் தெரு ரசிகப் பெருமக்களுக்கு நன்றி. அடுத்த சனிக்கிழமை முதல் உங்கள் சுறாக்கள் மீண்டும் உங்களோடு."

படித்து முடித்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "அப்போ அடுத்த வாட்டி நான் எப்படிப்பா வர்றது?"

தெய்வசிகாமணி தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ திரும்பிப் போனாத்தானேம்மா அந்தக் கேள்வி?" என்றார். "லாரிங்க மறுபடி கிளம்பிப் போனதும் போகலாம், இரு. அதுக்குள்ள எங்களுக்கு வாசிக்கிறதுக்கு இன்னும் மூணு சனிக்கிழமை இருக்கு."